கடல்நீரில் காட்மியம் குறையவில்லையா?

நன்னீரில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தை நன்றாகப் பிடித்த குளோரெல்லா என்ற நுண்பாசி, கடல்நீரில் ஏறக்குறைய ஒன்றுமே பிடிக்கவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பாசி மேல் தவறில்லை. கடல்நீரில் காட்மியத்தின் பெரும்பகுதி குளோரைடோடு சேர்ந்து கிடக்கிறது. பாசியின் செல்சுவரில் ஒட்டத் தனி அயனியாக (எதோடும் சேராத, மின்னூட்டமுள்ள துகளாக) மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பமும் லிட்டருக்குச் சுமார் 1,300 மி.கி. மக்னீசியம், 400 மி.கி. கால்சியத்தோடு இடத்துக்கு முட்டிமோத வேண்டும்.

அப்புறம், பாசியை எஃப்/2 ஊடகத்தில் (கடல்பாசி வளர்க்கும் சத்துக்கரைசல்) வளர்த்ததாகச் சொன்னீர்கள். அதிலுள்ள ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் உலோகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் இதைச் சரிசெய்யுங்கள்: பாசியை மையவிலக்கில் பிரித்து, அதே உப்பளவுள்ள சுத்தமான கடல்நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். நன்னீர் வேண்டாம், செல்கள் உடையலாம். ஒப்பிட்டுப் பார்க்க, பாசி போடாத ஒரு குடுவையும் கட்டாயம் வையுங்கள். கண்ணாடிச் சுவரிலேயே கொஞ்சம் உலோகம் ஒட்டிக்கொள்ளும்.