ஹெக்ஸ் ஆட்டம் ஏன் சமநிலையில் முடிவதே இல்லை? அதில் வரும் ‘மாற்று விதி’ எதற்கு?

ஹெக்ஸ் என்பது அறுகோணக் கட்டங்கள் கொண்ட பலகையில் இருவர் ஆடும் ஆட்டம். தமக்குரிய எதிரெதிர் ஓரங்களைத் தம் நிறக் காய்களால் முதலில் இணைப்பவர் வென்றவராவார். 1942இல் டென்மார்க்கைச் சேர்ந்த பியட் ஹெய்னும், 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் நேஷும் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

சதுரக் கட்டங்களில் ஒரு முனையில் நான்கு கட்டங்கள் கூடுவதால், இருவரும் அங்கே ஒருவரையொருவர் முட்டி நிறுத்திவிடலாம். அறுகோணப் பலகையிலோ ஒரு முனையில் மூன்று கட்டங்களே கூடுகின்றன. ஆகவே எதிராளியின் பாதையை முழுவதும் அடைக்க வேண்டுமானால், அடைக்கும் காய்களே ஓரத்திலிருந்து ஓரம்வரை தொடர்ச்சியாக நின்றாக வேண்டும், அந்தத் தொடர்ச்சியே வெற்றி. ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டுவதைப் போன்றது இது: கரைக்குக் கரை அணை எட்டியிருக்கும், இல்லையேல் தண்ணீர் வழி கண்டிருக்கும். தடுப்பதும் வெல்வதும் ஒரே செயலாகிவிடும் இந்த அமைப்பைவிட அழகான வெற்றி நிபந்தனையை நான் கண்டதில்லை.

ஆனால் முதலில் ஆடுபவருக்குச் சாதகம் அதிகம். 11×11 பலகையின் நடுக்கட்டத்தைப் பிடித்தவரை மடக்குவது மிகக் கடினம். அதனால்தான், முதல் காய் வைக்கப்பட்டவுடன் இரண்டாமவர் விரும்பினால் அந்தக் காயையும் அதன் நிறத்தையும் தமதாக்கிக்கொள்ளலாம் என்ற மாற்று விதி வந்தது. ஒருவர் கேக்கை வெட்ட, மற்றவர் துண்டைத் தேர்ந்தெடுப்பது போல, முதலில் ஆடுபவர் மிகப் பலமாகவும் இல்லாத, மிகப் பலவீனமாகவும் இல்லாத கட்டத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த விதி இருந்தால் இரண்டாமவர் எப்போதும் மாறிக்கொள்வதே நல்லது எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் காய் ஒரு பலவீனமான மூலையில் இருந்தால், மாறுவது அவருக்கே பாதகம்.