அச்சாரத்தைக் காப்பாற்ற அரண்மனையை வாங்காதீர்கள்

கேள்வி: லண்டனில் இருபது வருடமாக இருக்கிறோம். தெற்கு ஸ்பெயினில் உபேதா ஊரில் 16ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைப் பார்த்ததும் எனக்கும் மனைவிக்கும் அது மனதில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு அறை ஹோட்டல், நடுமுற்றத்தில் கல்யாணம், விருந்து என்று கணக்குப் போட்டோம். விலை 6 லட்சம் யூரோ. 60,000 யூரோ அச்சாரம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். முற்றத்துக்குக் கூரை போடவோ லிஃப்ட் வைக்கவோ பாரம்பரியத் துறை விடாது என்று எங்கள் ஆர்க்கிடெக்ட் அதற்கப்புறம்தான் சொல்கிறார். "ஹோட்டலுக்கென்றே கட்டிய வீடு" என்ற தரகர் போனை எடுப்பதில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்ட உரிமையாளர், அடுத்த மாதம் நோட்டரி முன் வராவிட்டால் வழக்கு என்கிறார். மனைவிக்குத் தூக்கமே இல்லை. பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது? வாங்கினால் விசாவாவது கிடைக்குமா? ஒப்பந்த நகல் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் கடிதம் மூன்று பக்கம், அதில் ஒன்றரைப் பக்கம் தரகரைப் பற்றி. அவரை விடுங்கள். தரகர் வாயால் சொன்னது விற்பவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஆகாது. உரிமையாளர் போட்ட சாப்பாடும் பிறகு காட்டிய முகமும் எந்த நீதிமன்றத்திலும் செல்லுபடியாகாது. நான் இரண்டு முறை படித்தது நகலில் இருக்கும் ஒரே ஒரு வரியை: 60,000 யூரோ "அச்சாரமாகவும் விலையின் ஒரு பகுதியாகவும்" பெறப்பட்டது. அவ்வளவுதான். ஸ்பானிய சிவில் சட்டத் தொகுப்பின் 1454ஆம் பிரிவு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பிரிவு சொல்வது, வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும், அத்தோடு கணக்கு முடிந்தது. இது ஊருக்கே தெரியும். தெரியாதது இதுதான்: ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால்தான் அச்சாரத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்பது ஸ்பானிய உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நிலை. எழுதாவிட்டால் அது வியாபாரம் முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம், விலையின் முதல் தவணை. அப்படிப்பட்ட இடத்தில் விற்பவர் 1124ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு "வந்து மீதியைக் கட்டு" என்று கேட்கலாம், அல்லது ஒப்பந்தத்தை முறித்து நஷ்டஈடு கேட்கலாம். நீங்கள் 60,000 திரும்புமா என்று கேட்கிறீர்கள். 60,000-த்தோடு விடுவார்களா என்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை.

ஹோட்டல் அனுமதி கிடைத்தால்தான் கிரையம் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இல்லை. அவர் விற்றது வீடு. ஏமாற்றிவிட்டார்கள் என்று வாதாட ஆசைப்படுவீர்கள். 2003இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊரில், 16ஆம் நூற்றாண்டு மாளிகையை வாங்க வந்தவர் அதற்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் என்று தெரியாது என்றால், நீதிபதி மேசைக்குக் கீழே சிரிப்பார்.

இனி, இந்த வகை வழக்கில் என்னிடம் வந்தவர்கள் விழுந்த குழி. அச்சாரம் போய்விடுமே என்ற பயத்தில் கிரையத்தை முடித்துவிடுகிறார்கள். "முதலில் வாங்குவோம், அனுமதியை அப்புறம் பார்ப்போம்." ஒரு கட்சிக்காரர் 40,000 யூரோவைக் காப்பாற்ற இப்படிக் கையெழுத்துப் போட்டார். நான்கு வருடம் கழித்து வந்தபோது அந்த வீட்டில் ஒரு விருந்தாளிகூடத் தங்கியிருக்கவில்லை. கூரைக்கு முட்டுக் கொடுத்த சாரத்துக்கு மட்டும் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டால் நீங்கள் மேலும் கட்டப்போவது மீதி விலை 5,40,000, உபேதா இருக்கும் அந்தலூசியா மாநிலத்தின் 7 விழுக்காடு கைமாற்று வரி 42,000, ஆக 5,82,000 யூரோ. நோட்டரி, பதிவுச் செலவு தனி. அதைவிடப் பெரியது கூடவே வரும் கடமை. 1985ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாரம்பரியச் சட்டம், 36ஆம் பிரிவு: பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. சுவர் பிளந்தால் சரிசெய் என்று உத்தரவு வரும். செய்யாவிட்டால் அரசே செய்து பில்லை உங்களுக்கு அனுப்பலாம், கடைசியில் கட்டடத்தைக் கையகப்படுத்தவும் அது காரணமாகலாம். வருமானம் வரவில்லை என்பது பதில் ஆகாது. லிஃப்ட்டுக்குக் குழி தோண்டினால் தொல்லியல் மேற்பார்வை வரும், கிடைக்கும் பொருள் பொதுச் சொத்து, வேலை நிற்கும் நாட்கள் உங்கள் கணக்கு. ஹோட்டலுக்குத் தீ விபத்து நேரத்தில் வெளியேறும் வழி வேண்டும் என்பார்கள் ஒரு அலுவலகத்தில், கல் மாடிப்படியைத் தொடாதே என்பார்கள் இன்னொன்றில். மாற்று ஏற்பாடுகளுக்கு இடம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாதாடி வாங்க வேண்டும். முற்றத்தில் கல்யாணக் கச்சேரி என்றால் ஒலி அளவு, ஆள் எண்ணிக்கை என்று மறுபடி முதலிலிருந்து. இப்படிப்பட்ட சின்னங்களுக்குச் சொத்து வரி கிடையாது என்று தரகர் சொல்லியிருப்பார். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் அந்த விலக்கு பொதுவாகப் பொருந்தாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வாதம்: அதே ஊரில் 1930 முதல் அரண்மனையில் ஹோட்டல் நடக்கிறதே? டீன் ஒர்தேகா அரண்மனையில் இருக்கும் பரதோரைச் சொல்கிறீர்கள். பரதோர் என்பது அரசு நிறுவனம் நடத்தும் ஹோட்டல். அதை நடத்துபவருக்கு அடுத்த மாதம் தவணை கட்டும் கவலை இல்லை.

சரி, உங்கள் கையில் சீட்டே இல்லையா? ஒன்று இருக்கலாம். அந்த மாளிகையே பெயர் குறித்துப் பண்பாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சொத்தாக அறிவிக்கப்பட்டதா, இல்லை பழைய நகரப் பகுதிக்குள் இருக்கும் ஒரு வீடு மட்டும்தானா என்று உடனே பாருங்கள். முதல் வகை என்றால் அதே 1985 பாரம்பரியச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி விற்பவர் விலையையும் நிபந்தனைகளையும் நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அரசு அதே விலைக்குத் தானே வாங்க இரண்டு மாத அவகாசம் உண்டு. அறிவித்ததற்கான சான்று இல்லாமல் பதிவாளர் கிரையத்தைப் பதிய மாட்டார். அறிவிக்காமல் விற்றால், தெரியவந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அரசு சொத்தை மீட்டுக்கொள்ளவும் வழி உண்டு. மாநிலச் சட்டத்தில் சில காலக்கெடு மாறும், அதை உங்கள் உள்ளூர் வழக்கறிஞர் பார்க்கட்டும். நகலில் இந்த அறிவிப்பைப் பற்றி எதுவும் இல்லை. விற்பவர் இன்னும் அறிவிக்கவில்லை என்றால் அடுத்த மாதத் தேதியில் ஒழுங்கான கிரையம் தர அவராலும் முடியாது. ஆனால் இது நேரம் வாங்கித் தரும் சீட்டு மட்டும். இன்று அறிவித்தால் இரண்டு மாதத்தில் ஓட்டை அடைபடும். அரசே வாங்கி உங்களை விடுவிக்கும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஆகவே அந்தச் சீட்டு கையில் இருக்கும்போதே சமரசம் பேசுங்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், பாதியை விட்டுவிடத் தயாராக இருங்கள். 30,000 அவருக்கு, 30,000 உங்களுக்கு, ஒப்பந்தம் இரு தரப்பு சம்மதத்தோடு ரத்து, இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நோட்டரி முன் எழுத்து. அவர் பிடிவாதம் பிடித்து முழு 60,000-ஐயும் கேட்டாலும், "இத்தோடு முடிந்தது" என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குக்குப் போனால் முதல் நீதிமன்றம், அப்புறம் ஹாயேன் மாகாண நீதிமன்றம், இரண்டு பக்கத்திலும் வக்கீல் பீஸ்.

விசா கிடைக்காது. சொத்து வாங்கினால் குடியிருப்பு உரிமை என்ற வழி 2025 ஏப்ரல் 3 அன்று மூடப்பட்டது. அந்த வழியை மூடிய அதே சட்டம்தான் சிவில் வழக்குப் போடும் முன் சமரசம் பேசிப் பார்த்திருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. எனவே நீங்கள் பேசக் கூப்பிட்டால் அது பலவீனம் என்று அவருடைய வக்கீல் நினைக்க மாட்டார், அவரும் அந்தப் படியைத் தாண்டியாக வேண்டும்.

உரிமையாளருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தேன். "மன்னிக்கவும், எங்களால் பணம் திரட்ட முடியவில்லை" என்று ஒன்று. அதை அவர் பத்திரமாக வைத்திருப்பார். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். இனிமேல் உங்கள் உள்ளூர் வழக்கறிஞர் பெயரில் புரோஃபாக்ஸ் (என்ன எழுதினோம், எப்போது சேர்ந்தது என்பதற்குச் சான்று தரும் ஸ்பானியத் தபால்) மட்டும்தான் போக வேண்டும்: அறிவிப்புச் சான்றைக் கேட்டு, சமரசத்துக்கு அழைத்து. நோட்டரி தேதிக்குப் பத்து நாள் முன்பாவது அது அவர் கையில் சேர வேண்டும். அன்று பேசாமல் போகாமல் இருந்துவிடாதீர்கள். அவர் வந்தார், நீங்கள் வரவில்லை என்று நோட்டரி எழுதிக் கொடுக்கும் ஒரு தாள், அவர் வழக்கின் முதல் ஆவணமாக இருக்கும்.