கூத்துச் சங்கத்துக்குச் செயற்குழு ஆள் எங்கே கிடைப்பார்? – கேள்வி பதில்

கடலூர் வட்டாரத்தில் தெருக்கூத்துக் கலைஞர்களே நடத்தும் சங்கம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். வேடம் கட்டியவன் அல்லன், கணக்கு எழுதியவன். செயற்குழுவுக்கு ஆள் சேர்ப்பது குறித்துக் கலைக்குழு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் ஜமா (கூத்துக் குழு) நடத்துபவர்: பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்றார்கள். நான், தம்பி, மைத்துனர், இரண்டு மகன்கள், பின்பாட்டுக்காரர் இருவர் கையெழுத்துப் போட்டோம். அதே ஏழு பேர்தான் இன்றும் செயற்குழு. தவறா?

சட்டப்படி தவறில்லை அண்ணே. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்பது சங்கம் தொடங்க ஏழு பேர், செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர். ஒருவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, ஆனால் மறுபடி தேர்ந்தெடுக்கலாம். ஏழு பேரும் கடைசியாக எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று தீர்மானப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

வம்பு வேறிடத்தில் இருக்கிறது. அப்பா காசோலை எழுதி, மகன் சரிபார்த்து, மைத்துனர் தணிக்கைக்குக் கொடுத்தால், கணக்கு எவ்வளவு நேராக இருந்தாலும் மற்ற கலைஞர்கள் அதை உங்கள் வீட்டு ஜமா என்றுதான் சொல்வார்கள். ஒரு வீட்டிலிருந்து இருவருக்கு மேல் வேண்டாம். காசோலையில் கையெழுத்திடும் இருவர் உறவினராகவே இருக்கக் கூடாது. மொத்தம் ஒன்பது பேர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் வராத நாளிலும் கூட்டம் நடக்கும்.

வில்லியனூர் வாசகர்: புதுச்சேரிக்கும் இதே சட்டமா?

இல்லை. உங்களுக்கு 1860ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதிலும் ஏழு பேர்தான். ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவின் பெயர்ப்பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பாகூர்ப் பக்கம் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு கடலூர் மாவட்டம் என்று இருக்கிறது. பதிவு அலுவலகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துச் சட்டம் செல்லும். உறுப்பினர் எல்லைக்கு அந்தப் புறம் குடியிருப்பதால் ஒன்றும் ஆகாது.

குறிஞ்சிப்பாடி, இளைஞர் பறைக் குழு: எங்களுக்குப் பெரிய மனிதர் யாரையும் தெரியாது. செயற்குழுவுக்கு ஆளை எங்கே தேடுவது?

நல்லதாகப் போயிற்று தம்பி. உங்கள் நிகழ்ச்சிக்கு அழைக்காமலேயே வந்து நிற்பவர்களைப் பாருங்கள்.

எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல பொருளாளரைத் திரௌபதி அம்மன் திருவிழா ஒன்றில்தான் பார்த்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். ஆடுகளத்தில், மரத்தில் செய்த வேட அணிகளான கட்டை கட்டிய கர்ணன் ஆடிக்கொண்டிருக்கிறான். ஒப்பனைத் தட்டிக்குப் பின்னால், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பழைய நாட்குறிப்பு. முகவீணைக்காரருக்கு எவ்வளவு முன்பணம் போயிற்று, டீ எத்தனை, வாடகை வண்டிக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. "காலையில் சண்டை வரும் சார், அதற்குத்தான்" என்றார். விடிந்ததும் சண்டை வரத்தான் செய்தது. நாட்குறிப்பைப் பிரித்தார், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. அடுத்த பொதுக்குழுவில் அவர் பெயரை நான் முன்மொழிந்தேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். பறையைக் காய்ச்ச வைக்கோல் கொண்டுவரும் அக்கா, பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிவந்து கடைசிவரை நிற்கும் தாய், ஒலிபெருக்கிக் கடைக்காரர், கல்லூரி முடித்துவிட்டு விண்ணப்பம் எழுதித் தரும் பெண். முதலில் உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள்: கணக்கு, விண்ணப்பம், காவல் நிலைய அனுமதிக்கு அலைவது, பள்ளிகளோடு பேசுவது. பிறகு பெயர்களை எழுதுங்கள். பெயரை முதலில் எழுதினால் ஒன்பதும் நண்பர்கள் பெயராகவே வந்து நிற்கும். நானும் அப்படி எழுதியவன்தான்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: ஊரில் செல்வாக்குள்ள ஒருவரைத் தலைவராகப் போட்டால் நன்கொடை வரும் அல்லவா?

வரும். நாங்களும் போட்டோம். காசோலைக்கு அவர் கையெழுத்தும் வேண்டும் என்று தீர்மானம் வேறு எழுதி வைத்தோம். அவர் பாதி நாள் சென்னையில். சித்திரையில் ஆடிய இருபத்திரண்டு கலைஞர்களின் கூலி, ஒரு கையெழுத்துக்காக வைகாசிவரை வங்கியிலேயே தூங்கியது. அவர் கெட்டவர் அல்லர். எங்கள் கூலி அவருக்கு அவசரமில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்குப் போஷகர் என்று ஒரு பதவி கொடுத்து, அழைப்பிதழில் பெயரைப் பெரிதாகப் போட்டு, சால்வை போர்த்துங்கள். ஓட்டும் காசோலையும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம் வாசகர்: கலைஞர்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களைக் குழுவில் வைத்து என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் பதில் சொல்கிறேன். பதினெட்டு நாள் பாரதத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கும் வாத்தியாருக்கு வரவு செலவுக் கணக்கு புரியாதா? வாசித்துக் காட்டுங்கள். எங்கள் துணைவிதியில் பாதிக்கு மேல் இடம் ஆடுபவர், பாடுபவர், வாசிப்பவருக்கு என்று எழுதியிருக்கிறோம்.

அதற்கேற்ப உங்கள் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். பங்குனி முதல் ஆடிவரை கூத்துப் பருவம். விடிய விடிய ஆடியவரைக் காலை பத்து மணிக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, அவர் வரவில்லை என்று குறிப்பு எழுதாதீர்கள். பஸ் கட்டணத்தைக் கூட்டத்திலேயே கையில் கொடுங்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கூலி நிர்ணயம் பேசும்போது அதை வாங்கப்போகும் உறுப்பினர் வெளியே போய் உட்கார வேண்டும், அப்படிப் போனார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். உறுப்பினர் ஆடினால் நியாயமான கூலி தரலாம். நியாயத்துக்கு மேல் தந்தால் வருமான வரி விலக்குக்கே கேடு வரும்.

முத்தியால்பேட்டை, நாடகக் குழுப் பெண்: குழுவில் நான் ஒருத்திதான் பெண். கூட்டத்தில் சுண்டல் விநியோகம் என் வேலையாகிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் சுண்டல் தட்டைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள் அம்மா. ஒருத்தி மட்டும் இருந்தால் அலங்காரமாகத்தான் நடத்துவார்கள். இன்னும் இரண்டு பெண்களை நீங்களே முன்மொழியுங்கள். இரவு ஒன்பது மணிக் கூட்டத்தை மாலை ஐந்துக்கு மாற்றச் சொல்லுங்கள், வருபவர்கள் எண்ணிக்கையே மாறும்.

அரியாங்குப்பம் வாசகர்: எங்கள் தெருவில் சொல்தா ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்குகிறார், கூத்து என்றால் உயிர். குழுவில் சேர்க்கலாமா, நன்கொடையும் வாங்கலாமா?

புதுச்சேரியில் மட்டும் வரக்கூடிய கேள்வி! அவர் தமிழர், உங்கள் தெருக்காரர், ரூபாயில்தான் தருவார். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் நூறு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும், பொறுப்பாளர்கள் எல்லோரும் ஆதார் கொடுக்க வேண்டும். இதே இடத்தில், இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சொல்தாவிடம் பணம் வாங்காதீர்கள். ஓட்டில்லாத ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அவர் பார்த்த பழைய கூத்துகளைச் சொல்லட்டும்.

வடலூர், அரசுப் பள்ளி ஆசிரியர்: நான் பொருளாளர் ஆகலாமா?

துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு. அதுவரை நன்கொடை ரசீதில் கையெழுத்திடாதீர்கள்.

பரங்கிப்பேட்டை வாசகர்: ஒருவரை எப்படிக் கேட்பது? "உங்கள் பெயர் மட்டும் போதும்" என்றால்தான் சம்மதிக்கிறார்கள்.

பெயர் மட்டும் கொடுத்தவர் பெயரை மட்டும்தான் தருவார். வேலையை உடைத்துச் சொல்லுங்கள்: ஆண்டுக்கு ஆறு கூட்டம், தணிக்கைக்கு ஒரு நாள், ஒரு முழு இரவுக் கூத்து. கணக்குப் புத்தகத்தையும் கையில் கொடுங்கள், கடன் இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள். பிறகு இரண்டு கூட்டத்துக்குச் சும்மா வந்து உட்காரச் சொல்லுங்கள். பாதிப் பேர் இரண்டாவது கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் நேரம் மிச்சம்.

சேர்ந்த பின் வராமல் போகிறவர்களுக்காக, காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் இடம் காலி என்று துணைவிதியில் இப்போதே எழுதுங்கள். ஆள் மாறினால் படிவம் 7ஐப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டுப் பிறகு வங்கிக் கணக்கு மாற்ற அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகர்: நீங்கள் ஏன் விலகினீர்கள்?

மூன்று முறைக்கு மேல் யாரும் ஒரே பொறுப்பில் இருக்கக் கூடாது என்று துணைவிதி எழுதியவனே நான்தான். அடுத்துச் செயலாளராக வந்த பெண் முதல் வாரமே பழைய பேரேட்டைக் கேட்டு வாங்கிப்போனார். ஒரு பக்கத்தில் நான் தப்பாகக் கூட்டியிருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுவந்து காட்டினார். நூற்றுப் பத்து ரூபாய். என் பையிலிருந்து கட்டினேன், ரசீதும் கொடுத்தார்.