கூட்டமே நடக்காமல் தீர்மான நோட்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள்: வார்டு உறுப்பினர் என்ன செய்யலாம்?

கேள்வி: 2021 உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் வகுப்புப் பெண்களுக்கான வார்டில் நின்று ஜெயித்தேன். எங்கள் ஊராட்சியில் மொத்தம் 9 வார்டுகள். பதவியேற்ற புதிதில் சில மாதம் மன்றக் கூட்டம் ஒழுங்காக நடந்தது. அதன் பிறகு ஊராட்சிச் செயலர் தீர்மான நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போகிறார். பல நேரம் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. "தலைவர் அவசரம்னு சொன்னாரு, அப்புறம் எழுதிக்கிறேன்" என்பார். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பல மாதமாக உடைந்து கிடக்கிறது. ஆனால் அதைப் பழுதுபார்த்ததாகத் தீர்மானமும் பில்லும் இருப்பதாகத் துணைத் தலைவரே என்னிடம் சொன்னார். இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "தொடர்ந்து கூட்டத்துக்கு வரலைன்னு எழுதி மெம்பர் பதவியை எடுத்துடுவோம்" என்கிறார்கள். என் கணவரைக் கூப்பிட்டுப் பேசி மிரட்டுகிறார்கள். ஏற்கெனவே போட்ட கையெழுத்துக்காக என் மேல் வழக்கு வருமா? பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா? (ஊர், பெயர் வேண்டாம்.)

பதில்: சகோதரி, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னீர்களே, அது சரியான முடிவு. அதில் உறுதியாக இருங்கள். ஆனால் வாயால் சொன்னதோடு விட்டுவிட்டீர்கள். அதைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும். ராஜினாமா பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஊராட்சி மன்றத்தின் முடிவு என்பது, உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, குறித்த நாளில், குறித்த இடத்தில் கூடி, பொருளை முன்வைத்துப் பேசி எடுப்பது. அறிவிப்பில் நாள், நேரம், இடம், விவாதிக்கப்போகும் பொருள் நான்கும் இருக்க வேண்டும். 9 பேர் வீட்டுக்கும் நோட்டைச் சுற்றுக்கு விட்டு வாங்கிய 9 கையெழுத்து, 9 பேர் கூடிய கூட்டம் ஆகாது. பல ஊராட்சிகளில் இது "வழக்கம்" என்றே ஆகிவிட்டது. "எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். வழக்கம் என்பதால் சட்டப்படி செல்லுபடியாகிவிடாது.

கிராம சபையையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். "ஆகஸ்ட் 15 அன்று கூட்டம் நடந்ததே, வந்தீர்களே" என்பார்கள். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் கூடும் சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் அது கூட்டப்படுகிறது. மன்றக் கூட்டம் என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் கூடி மாதாந்திரக் காரியங்களைப் பார்ப்பது: மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, குடிநீர் இணைப்பு, வீட்டு வரி நிலுவை, வந்த பில்களுக்கு ஒப்புதல். ஒன்று நடந்ததைக் காட்டி இன்னொன்று நடந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு இருக்க வேண்டும்.

இனி உங்கள் கையெழுத்துகள். வழக்கு வருமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். பண மோசடி நடந்தது என்று தணிக்கையிலோ விசாரணையிலோ தெரியவந்தால், தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரிப்பது வேறு, குற்றவாளி ஆக்குவது வேறு. உங்களுக்கு அதில் பங்கோ பலனோ இருந்தது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்களைக் காப்பாற்றப்போவது, விசாரணை வருவதற்கு முன்னாலேயே நீங்கள் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதம்தான். விசாரணை தொடங்கிய பிறகு "வெற்றுப் பக்கத்தில் வாங்கினார்கள்" என்றால் நம்ப ஆள் இருக்காது. இப்போதே, யாரும் கேட்காதபோதே எழுதினால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு.

அந்தக் கடிதத்தில் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வேன். உங்கள் கையெழுத்துகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வீட்டில் வைத்துப் போட்டவை ஒன்று. வெற்றுப் பக்கத்தில் போட்டவை இன்னொன்று. நீங்கள் போடாமலேயே உங்கள் பெயரில் இருப்பவை, இருந்தால், மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து "எல்லாமே போலிக் கையெழுத்து" என்று எழுதிவிடாதீர்கள். நோட்டைத் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பி, அதில் பாதி உங்கள் கையெழுத்துதான் என்று வந்தால் மீதி உண்மையும் எடுபடாமல் போகும். வெற்றுப் பக்கத்தில் வாங்கிப் பிறகு தீர்மானத்தை நிரப்பியிருந்தால் அதுவும் பொய் ஆவணம் உருவாக்கிய குற்றமாகலாம். ஆக, உள்ளதை உள்ளபடி சொல்வதால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

கடிதம் யாருக்கு? மாவட்ட ஆட்சியர்தான் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர். அவருக்கு முகவரியிட்டு, உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) எனும் பி.டி.ஓ., உங்கள் தலைவர் ஆகியோருக்கு நகல் போடுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் நேரில் கொடுத்தும் மனு எண் வாங்கிக்கொள்ளலாம். எந்த மாதத்திலிருந்து அறிவிப்பு வரவில்லை, நோட்டை யார் கொண்டுவந்தார், உங்கள் தெருக் குழாய் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது, இவ்வளவு போதும். குழாயின் படத்தை அன்றைய தேதி தெரிகிற மாதிரி எடுத்து இணையுங்கள். முறையான அறிவிப்போடு மன்றக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும், அதுவரை எழுதப்பட்ட தீர்மானங்களை ஆய்வு செய்ய வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளோடு முடியுங்கள். சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. தனியாக எழுதுவதை விட இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் நல்லது. 9 பேரில் 3 பேர் கையெழுத்திட்டுக் கூட்டம் கேட்கும் மனுவை ஒரு தலைவர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

துணைத் தலைவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்த வரியை மறுபடி படித்தேன். அது முக்கியமான வரி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 188-ஆவது பிரிவுப்படி ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் பொதுவாகத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். நடக்காத வேலைக்குப் பணம் போயிருந்தால் பெரும்பாலும் அவர் ஒப்புதலோடுதான் போயிருக்கும். ஆகவே உங்களை விட அவருக்குத்தான் சிக்கல் அதிகம். அது அவருக்கே தெரிந்ததால்தான் உங்களிடம் வாய்விட்டிருக்கிறார். அவரிடம் போய், நீங்களும் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். மறுத்தாலும் பரவாயில்லை. ஆனால் அவர் சொன்னதை மட்டும் நம்பி "போலி பில் போட்டார்கள்" என்று மனுவில் அடித்து எழுதாதீர்கள். ஆவணம் கைக்கு வந்த பிறகு எழுதலாம்.

ஆவணத்துக்கு இரண்டு வழி. ஒன்று, இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம். மத்திய நிதிக்குழு மானியத்தில் செய்த செலவுகளை அதில் ஊராட்சி வாரியாக யாரும் பார்க்கலாம். தேதி, தொகை, யாருக்குப் போனது என்பது கிடைக்கும். மற்றது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி பி.டி.ஓ. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். ஆவணம் தன்னிடம் இல்லையென்றால் 5 நாட்களுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்புவது அவர் கடமை. 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலனில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். "முழு வரவு செலவுக் கணக்கு வேண்டும்" என்று கேட்டால் ஒரு கட்டுக் காகிதம் வரும், அல்லது ஒன்றுமே வராது. நீங்கள் குறிப்பிட்ட ஓர் ஆண்டை மட்டும் எடுத்து இவற்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் உறுப்பினர்களுக்கு அனுப்பிய அறிவிப்பும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும், வருகைப் பதிவு, தீர்மான நோட்டின் நகல், உறுப்பினர்களுக்கு அமர்வுப் படி வழங்கிய பற்றுச்சீட்டு, உங்கள் தெருக் குழாய் வேலைக்கான மதிப்பீடு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகப் பக்கம், பில். அமர்வுப் படி என்பது ஒவ்வொரு கூட்டத்துக்கும் உறுப்பினருக்குக் கொடுக்க வேண்டிய சிறு தொகை. நடக்காத கூட்டத்துக்கு உங்கள் பெயரில் அது எடுக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு சீட்டே கதையைச் சொல்லிவிடும். தேதிகளை வரிசையாக எழுதிவைத்து, அந்தந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒப்பிடுங்கள். மருத்துவமனைச் சீட்டு, 100 நாள் வேலை வருகைப் பதிவு, பிள்ளையின் பள்ளிக் கூட்டம் எதுவானாலும் சான்றுதான்.

பதவியைப் பறிப்போம் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். வார்டு உறுப்பினரைத் தலைவர் நீக்க முடியாது. மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டும் நீக்க முடியாது. உங்களைத் தேர்ந்தெடுத்தது வார்டு மக்கள். சட்டம் சொல்லும் தகுதியிழப்புக் காரணங்கள் மட்டுமே உங்கள் பதவியைத் தொடும். தொடர்ந்து கூட்டத்துக்கு வராமலிருப்பதும் அப்படியொரு காரணம்தான், அதனால் இந்த மிரட்டலை அலட்சியம் செய்யவும் வேண்டாம். முறையான அறிவிப்பே தராத கூட்டத்துக்கு வரவில்லை என்று என் மேல் குற்றம் சொல்ல முடியாது என்பது உங்கள் வாதம். அந்த வாதம் நிற்க வேண்டுமானால், அறிவிப்பு வரவில்லை என்று நீங்கள் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். மேலே சொன்ன கடிதத்தை இந்த வாரமே அனுப்பச் சொல்வது இதனால்தான். இனி அறிவிப்பு வந்தால் ஒரு கூட்டத்தையும் விடாதீர்கள். போய் உட்காருங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். உடன்பாடில்லை என்றால் உங்கள் மறுப்பைப் பதியச் சொல்லி, கையெழுத்துக்குப் பக்கத்தில் "3-ஆம் தீர்மானத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தேன்" என்று தேதி, நேரத்தோடு உங்கள் கைப்படவே எழுதுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் காலியாக இருந்தால் குறுக்கே கோடு போட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

உங்கள் கணவரைக் கூப்பிட்டுப் பேசுவதை உடனே நிறுத்தச் செய்யுங்கள். மன்றத்து விஷயத்தில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. உறுப்பினரிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் விலகிக்கொள்ளட்டும். மிரட்டுவது பட்டியல் வகுப்பையோ பழங்குடியையோ சேராதவர்கள் என்றால் இன்னொரு சட்டமும் உங்களுக்குத் துணை இருக்கிறது. ஊராட்சியில் பதவி வகிக்கும் பட்டியல் வகுப்பினரைத் தம் கடமையைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவதும் மிரட்டுவதும் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். புகாரை காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கு முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது. கடுமையான சட்டம் என்பதால்தான் சொல்கிறேன்: யார், எந்த நாள், எங்கே, என்ன வார்த்தை சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள். கூட்டிச் சொன்ன ஒரு வரி மொத்தப் புகாரையும் பலவீனமாக்கிவிடும்.

உங்கள் பெயரில் வேறொருவர் கையெழுத்திட்டது தெரிந்தால் அது தனியான குற்றம். 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகள், அதற்கு முந்தையது என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 465, 471. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, அதன் பிறகு நீதித்துறை நடுவர் முன் மனுச் செய்யலாம்.

தலைவர் மேல் என்ன நடவடிக்கை என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் தெரிந்திருக்கட்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் தலைவரிடம், அவரை நீக்க வழிசெய்யும் ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின் கீழ் ஆட்சியர் விளக்கம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் வட்டாட்சியர் உறுப்பினர்களின் கூட்டத்தைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்பார். அவசர நிலையில் அதே சட்டத்தின் 203-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, பணம் எடுக்கும் அதிகாரத்தை பி.டி.ஓ.விடம் மாற்றியதும் உண்டு. ஆனால் நீக்க நடவடிக்கை என்று தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும், ஊரும் இரண்டாகும். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒழுங்காக நடக்கும் கூட்டமும் குழாயில் தண்ணீரும். அதைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். மனுக் கொடுத்து நியாயமான அவகாசம் கடந்தும் ஆட்சியர் அசையவில்லை என்றால், மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடும்படி அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். தென்காசி, திருநெல்வேலி என்றால் மதுரைக் கிளை, வட மாவட்டங்கள் என்றால் சென்னை.

ராஜினாமா வேண்டாம். 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் ஒன்று உங்களுடையது. பதவிக்காலம் 5 ஆண்டு மட்டுமே. விலகினாலும் போட்ட கையெழுத்துகள் நோட்டிலேயே இருக்கும், அவற்றுக்கான விளக்கத்தை விலகிய பிறகும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் நோட்டைப் பார்க்கவும் கூட்டத்தில் கேள்வி கேட்கவும் இன்று உங்களுக்கு உள்ள உரிமை போய்விடும். வீட்டுச் சூழ்நிலையால் விலகியே தீர வேண்டும் என்றாலும், ஆட்சியருக்கான கடிதம் போய்ச் சேர்ந்து ஒப்புகை கையில் கிடைத்த பிறகு விலகுங்கள். அந்த ஒப்புகையையும் எல்லாத் தபால் ரசீதுகளையும் நகலெடுத்து, ஒரு செட்டை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.