9 எம்எம்மா, .45ஆ? முதலில் விசாவைப் பாருங்கள்

எச்-1பி விசாவில் டெக்சஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆபீஸில் மதியம் உட்கார்ந்தால் பாதிப் பேச்சு துப்பாக்கிதான். ஒருவர் 9 எம்எம் போதும் என்கிறார், இன்னொருவர் .45க்குக் கீழே எல்லாம் பொம்மை என்கிறார். எதற்குத்தான் பவர் அதிகம்? சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள், போய்ச் சுடலாமா? வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க முடியாது, தம்பி. எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரித் தற்காலிக விசாவில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். டெக்சஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது மாறாது. விதிவிலக்குகள் உண்டு, நம் ஆட்கள் வழக்கமாகப் பிடிப்பது, ஏதாவது ஒரு மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை எடுத்தாலும், நண்பர் நீட்டுவதை வாங்கி இரண்டு ரவுண்டு சுட்டாலும் இதே சட்டம்தான். 2022இல் திருத்திய பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. நாடுகடத்தவும் அது காரணமாகும். "யார் கேட்கப் போகிறார்கள்" என்று கூட வேலை செய்பவர் சொல்வார். அவர் இந்த நாட்டுக் குடிமகன், அவருக்கு அந்தக் கவலை இல்லை.

கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை விலகும். கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும், கைத்துப்பாக்கி என்றால் 21 வயது முடிந்திருக்க வேண்டும்.

சரி, பவருக்கு வருவோம். .45 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில். 9 எம்எம் என்பதும் விட்டம்தான், மில்லிமீட்டரில். பலத்தின் அளவு அல்ல. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் சுடுகின்றன. ஆனால் குண்டின் ஆற்றலை அளக்கும் ஜூல் கணக்கில் முன்னது சுமார் 270 ஜூல், பின்னது 700 ஜூலைத் தாண்டும். மேக்னத்தின் தோட்டா உறை கொஞ்சம் நீளம், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் .357 ரிவால்வரில் .38 போட்டுச் சுடலாம், .38 ரிவால்வரில் .357 போடக் கூடாது.

ஆபீஸ் சண்டைக்கு நேரடிப் பதில் இதோ. சாதாரண 9 எம்எம் குண்டு ஏறக்குறைய ஏழரை கிராம், வினாடிக்கு 355 மீட்டர் வேகம். .45 குண்டு பதினைந்து கிராம், வேகம் 255 மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டுமே 470, 480 ஜூல் பக்கம்தான் வரும். ஒன்று வேகத்தில் ஈடுகட்டுகிறது, மற்றது எடையில். .40 கொஞ்சம் மேலே, 540 வாக்கில். கீழே போனால் .380 சுமார் 260, .22 அதில் பாதி. மேலே .44 மேக்னம் ஆயிரத்தைத் தாண்டும். குழலின் நீளத்தையும் தோட்டாவின் தயாரிப்பையும் பொறுத்து இவை ஏறும், இறங்கும். ஒப்பிட ஒன்று சொல்கிறேன்: ஏஆர்-15 துப்பாக்கியின் 5.56 தோட்டா 1,700 ஜூல். ரைஃபிள் பக்கத்தில் வைத்தால் பிஸ்டல்கள் எல்லாமே பலவீனம்தான்.

ஆனால் கையில் விழும் உதை வேறு கணக்கு. அது எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அதில் .45, 9 எம்எம்மைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் அதிகம். .45 பிரியர்கள் "பவர்" என்று உணர்வதில் பெரும்பங்கு தங்கள் மணிக்கட்டில் விழுகிற அடிதான் என்பது என் எண்ணம். (அவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், மதியம் முழுக்கப் போய்விடும்.)

இந்த விவாதத்தை நாடு முழுக்கப் பற்றவைத்தது 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த சம்பவம். வங்கிக் கொள்ளையர் இருவரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஆரம்பத்திலேயே ஒரு கொள்ளையன் மீது பாய்ந்த 9 எம்எம் குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தைத் தொடும் முன் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அதன்பின் எஃப்பிஐ ஜூல் கணக்கை ஓரம் வைத்துவிட்டு, சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும் என்று அளக்கத் தொடங்கியது. முதலில் 10 எம்எம் எடுத்தார்கள். உதை தாங்கவில்லை என்று அதன் பலத்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த பலத்தைச் சின்ன உறையில் அடைத்துப் பிறந்ததுதான் 1990இல் வந்த .40. கடைசியில் 2010களின் நடுவில் மறுபடி 9 எம்எம்முக்கே திரும்பினார்கள். முனையில் குழி உள்ள, உடலுக்குள் விரியும் நவீன ஹாலோ பாயிண்ட் குண்டுகள் அந்த ஆழத்தை எட்டிவிடுகின்றன, உதை குறைவு, குறி தப்புவதும் குறைவு, மேகசினில் தோட்டாக்கள் அதிகம் அடங்கும். முப்பது வருடம் சுற்றி வந்த அமைப்பே அந்த முடிவுக்கு வந்திருக்கும்போது நானும் 9 எம்எம் கட்சிதான்.

வீட்டுக்கு என்று யோசிப்பவர்கள் பலத்தை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இங்கே அறைகளுக்கு நடுவே இருப்பது டிரைவால் என்ற மெல்லிய ஜிப்சம் பலகை. 9 எம்எம்மும் சரி, .45உம் சரி, அதைப் பல அடுக்கு துளைத்துக்கொண்டு போகும். அபார்ட்மென்ட் என்றால் அந்தப் பக்கம் தூங்குவது அடுத்த வீட்டுக் குழந்தை.

சனிக்கிழமை தாராளமாகப் போங்கள், ஆனால் வேடிக்கை பார்க்க மட்டும். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மூடிய ரேஞ்சில் ஒவ்வொரு வெடியும் 140 டெசிபலுக்கு மேல். பக்கத்து லேனில் யாராவது .357 எடுத்தால் இரண்டடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள்.