அக்கரை சீனாவுக்கு ஒருநாள் பயணம்: அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் ரஷ்யாவின் பிளாகோவெஷ்சென்ஸ்க் நகரில் மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். ஆற்றின் அக்கரை சீனாவின் ஹெய்ஹே நகரமாம். விசா வேண்டாம், குழுவோடு காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். அனுப்பலாமா? (வாசகி, சேலம்)

பதில்: அனுப்பாதீர்கள்.

அமூர் ஆறு அங்கே ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. இக்கரையில் நின்றால் ஹெய்ஹேயின் கட்டடங்கள் கண்ணெதிரே தெரியும். தரகர்கள் காசாக்குவது இந்தக் கிட்டத்தைத்தான். 'விசா வேண்டாம்' என்பது முழுப் பொய் அல்ல, அதுதான் வம்பு. அந்தச் சலுகை ரஷ்யரும் சீனரும் தங்களுக்குள் செய்துகொண்டது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சீன விசா கட்டாயம். குழுவில் பெயர் சேர்த்துவிட்டால் நீங்கள் ரஷ்யர் ஆகிவிட மாட்டீர்கள்.

சரி, சீன விசா கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆபத்து ரஷ்ய விசாவில்தான். புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஒருமுறை மட்டும் நுழையும் விசாதான் கொடுப்பார்கள். எல்லையைத் தாண்டிய அந்த நிமிடமே அது செத்தது. காலாவதித் தேதி பாக்கி இருந்தாலும் பயனில்லை. மகள் ஹெய்ஹேயில் நிற்பாள், விடுதி எதிர்க்கரையில் இருக்கும். ரஷ்யா போய்ச் சேர்ந்த பிறகு கல்லூரி அந்த விசாவைப் பலமுறை நுழையும் விசாவாக நீட்டித்திருந்தால் மட்டுமே கதை வேறு. விசாத்தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 'அத்னக்ராத்னயா' என்றால் ஒருமுறை, 'ம்னகக்ராத்னயா' என்றால் பலமுறை. முதல் சொல் இருந்தால் பேச்சே வேண்டாம். விசா நீட்டிப்புக்கென்று கல்லூரியில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, 'நாளை வா, நாளை வா' என்று பிள்ளைகளை அலைக்கழிப்பது தனிக் கொடுமை. ஒரு தாளுக்கு இத்தனை நாளா? ஆனால் அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

முறைப்படி போய்வந்தாலும், ரஷ்யா திரும்பியதும் குடியேற்றப் பதிவை (தங்கும் முகவரியை அரசிடம் பதிவதை) மறுபடி செய்ய வேண்டும். மறந்தால் அபராதம்.

இரு நகரங்களையும் இணைத்து 2022-இல் திறந்த பாலத்தைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். அது சரக்கு லாரிகளுக்காகத் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றில் படம் எடுக்க நண்பர்களோடு நடந்து போவதும் வேண்டாம். ஆற்றுக்குள் ஓடுவது நாட்டு எல்லை. தாண்டினால் கிரிமினல் வழக்கு.

முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். பாஸ்போர்ட்டையும் அந்தத் தரகரிடம் கொடுத்திருந்தால், முதலில் அதை வாங்குங்கள், பணம் பிறகு.