சிறிய கல்லூரியில் அரசியல் அறிவியல்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

இங்கே மொரீஷியஸில் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளித் தேர்வு) முடித்த உங்கள் மகள் தமிழ்நாட்டின் சிறிய கலைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் படிக்க விரும்புவதாகவும், "அதைப் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாள்?" என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ரெடுயியில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதற்பட்டப் படிப்புக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே கடல் தாண்டி அனுப்புவதற்கு வலுவான காரணம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது முற்றிலும் நியாயம்.

அரசியல் அறிவியல் என்றால் கட்சி அரசியலுக்கான பயிற்சி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1998இல் வெளியான புதிய மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் இந்திக்குக் கீழே தமிழ் இறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசை மீண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். நம் வீடுகளில் அது மானப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவி அதே நிகழ்வை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் எந்தச் சூழலில் அரசைப் பின்வாங்க வைக்க முடிகிறது என்று ஆராய்வாள். 1982, 1995, 2024 ஆகிய தேர்தல்களில் நம் நாடாளுமன்றத்தில் முதன்மைத் தீவுக்குரிய 60 இடங்களும் ஒரே அணிக்குப் போனதற்கு நம் வாக்களிப்பு முறை எவ்வளவு காரணம், சமூகங்களின் பிரதிநிதித்துவத்துக்காகத் தோற்ற வேட்பாளர்கள் சிலருக்குக் கூடுதல் இடம் தரும் 'பெஸ்ட் லூசர்' முறை அதை எவ்வளவு ஈடுசெய்கிறது என்பவையும் அவள் முன் நிற்கும் கேள்விகள். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இத்தனை கேள்விகள் கிடைப்பது அரிது. அதனால் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வெறுங்கையோடு போவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, சிறிய கல்லூரி பற்றி. சிறியது என்பதற்காகவே அதைத் தள்ளிவிட வேண்டாம். இந்தப் படிப்பில் உண்மையான பயிற்சி எழுத்தில்தான் நடக்கிறது: ஒரு கருத்தை முன்வைத்து, அதற்கு எதிரான சான்றையும் மறைக்காமல் காட்டி, முடிவுக்கு வரும் கட்டுரையை மாணவி எழுத வேண்டும், ஆசிரியர் அதை வரிவரியாகத் திருத்திக் கொடுக்க வேண்டும், அவள் அதைத் திரும்ப எழுத வேண்டும். பெரிய வகுப்பில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை, பதினைந்து இருபது பேர் மட்டுமே உள்ள வகுப்பில் கிடைக்கும். ஆனால் மாணவர் குறைவாக இருப்பதால் மட்டும் அது நடந்துவிடாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் பல்கலைக்கழகமே வகுக்கும். அங்கே தேர்வுக்குக் குறிப்புகளை மனப்பாடம் செய்வதிலேயே மூன்று ஆண்டுகளும் கழிந்துவிடக்கூடும். தன்னாட்சிக் கல்லூரிக்குத் தன் பாடத்திட்டத்தைத் தானே அமைக்கும் உரிமை உண்டு. இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள். வகுப்பு தமிழிலா ஆங்கிலத்திலா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கோவிலிலும் பள்ளியிலும் கற்ற தமிழ், இறையாண்மையையும் கூட்டாட்சியையும் பற்றித் தேர்வில் எழுதப் பெரும்பாலும் போதாது.

இன்னொரு குறையும் உண்டு. இரண்டு மூன்று ஆசிரியர்களே உள்ள துறையில் இந்திய அரசமைப்பும் மேலை அரசியல் சிந்தனையும் நன்றாகக் கிடைக்கலாம். ஆப்பிரிக்காவும் இந்தியப் பெருங்கடல் தீவுகளும் பாடத்தில் வராமலே போகலாம். பிரிட்டனிடம் நாம் உரிமை கோரிய சாகோஸ் தீவுகள் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அளித்த ஆலோசனைக் கருத்தைப் போன்றவற்றை அவள் தானாகவே படித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேலையைப் பொறுத்தவரை நான் உங்களுக்கு வெறும் ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. இந்தியப் பெருங்கடல் ஆணையமும், இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கமும் நம் நாட்டு எபேன் நகரில்தான் இயங்குகின்றன. ஆனால் அங்கே இடங்கள் குறைவு, முதற்பட்டம் மட்டும் போதுமானதும் அல்ல. முதலாவது அமைப்பில் பிரெஞ்சு இன்றியமையாதது. அரசுப் பணி, செய்தித்துறை, நிதி நிறுவனங்களில் சட்ட விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் பிரிவு ஆகியவை இன்னும் அணுகக்கூடிய வழிகள். எதுவாயினும் புள்ளியியலோ பொருளாதாரமோ துணைப்பாடமாக இருக்கட்டும். இந்தியாவில் இருக்கும் மூன்று ஆண்டுகளிலும் பிரெஞ்சு எழுத்துப் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். வழக்கறிஞராகும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டம் போதாது, சட்டப் பட்டம் தனியாக வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். அந்தக் கல்லூரியின் பட்டம் இங்கே எந்த நிலையில் ஏற்கப்படும் என்று உயர்கல்வி ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு துறைத் தலைவருக்கு உங்கள் மகளையே கடிதம் எழுதச் சொல்லுங்கள்: முதலாண்டு மாணவர் ஒருவரின் திருத்தப்பட்ட கட்டுரையைப் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா என்று அவள் கேட்கட்டும். ஓரத்தில் ஆசிரியரின் கையெழுத்து நிறைந்த தாள் வந்தால் அனுப்பிவையுங்கள். மதிப்பெண் மட்டும் இட்ட தாள் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, ரெடுயிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.